ஒரே டேட்டாபேஸில் கீ-வேல்யூவும் எஸ்க்யூஎல்லும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையில் தண்ணீர் லாரி புக் செய்யும் ஆப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆப்தான். ஆனால் ஓஎம்ஆர் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இதில் புதிதாக விளக்க ஒன்றும் இல்லை. குடியிருப்புச் சங்கச் செயலாளர் 12,000 லிட்டர் லாரி ஒன்று கேட்கிறார், புக்கிங் எண் வருகிறது. அதற்கப்புறம் அவரும், குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் அத்தனை பேரும் ஆப்பைத் திறந்து திறந்து பார்ப்பது ஒரே விஷயத்தைத்தான்: லாரி எங்கே வருது?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல டேட்டாபேஸுக்கு புக்கிங் எண் ஒன்று போதும். எண்ணைக் கொடு, அதற்குரிய வரியை எடு, முடிந்தது. ஆனால் அதே நேரத்தில் அலுவலகத்தில் இருக்கும் மேற்பார்வையாளர் வேறு மாதிரி கேட்கிறார். "பெரும்பாக்கத்துல இன்னிக்கு எத்தனை புக்கிங் இன்னும் போகலை? அதுல பணம் கட்டினவங்க எத்தனை பேர்?" இங்கே எண் எதுவும் கையில் இல்லை. வாடிக்கையாளர், புக்கிங், பணம் என்று மூன்று டேபிளைச் சேர்த்துப் பார்த்தால்தான் பதில் வரும்.

சென்ட்ரல் ஸ்டேஷன் க்ளோக் ரூமில் டோக்கனை நீட்டினால் பெட்டி வந்துவிடும். "நேற்று கோயம்புத்தூர் வண்டியில் வந்தவர்கள் வைத்த சிவப்புப் பெட்டி எத்தனை?" என்று கேட்டால் உள்ளே இருப்பவர் எல்லா அலமாரியையும் பார்க்க வேண்டும். முதலாவது கீ-வேல்யூ: டோக்கன்தான் கீ, பெட்டிதான் வேல்யூ. இரண்டாவது ரிலேஷனல் க்வெரி, அதை எழுதும் மொழிதான் எஸ்க்யூஎல். பெட்டிகள் என்னவோ அதே பெட்டிகள்தான்.

வழக்கமாக இதற்கு நம் ஊர் டீம்கள் செய்வது, மைஎஸ்க்யூஎல்லோ போஸ்ட்கிரெஸ்ஸோ எஸ்க்யூஎல் டேட்டாபேஸ் ஒன்று, அதன் முன்னால் வேகத்துக்காக ரெடிஸ் என்ற கீ-வேல்யூ ஸ்டோர் ஒன்று. நன்றாகவே ஓடும். ஆனால் ஒரே புக்கிங்குக்கு இரண்டு பிரதிகள் உருவாகிவிடுகின்றன. ரெடிஸில் "வந்துகொண்டிருக்கிறது", டேட்டாபேஸில் "ரத்து" என்று இருக்கும் அந்தச் சில நொடிகளில் யாருக்கு எதைக் காட்டுவது என்ற தலைவலியை நீங்கள்தான் கோட் எழுதித் தீர்க்க வேண்டும். பிரதி ஒன்றே போதும், அதையே இரண்டு விதமாகவும் எட்டலாம் என்று சொல்லும் டேட்டாபேஸ்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில், இது உங்களுக்குத் தேவையா?

பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. ஒரே மெஷினில் ஓடும் போஸ்ட்கிரெஸ்ஸே ப்ரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் எண்) வைத்துத் தேடினால் மிக வேகமாகப் பதில் தரும், ஜாயினும் (டேபிள்களைச் சேர்த்துப் பார்ப்பது) செய்யும். நாளுக்குச் சில ஆயிரம் புக்கிங் வரும் கம்பெனிக்கு அதுவே தாராளம். டேட்டா ஒரு மெஷினில் அடங்கவில்லை, அல்லது மே மாத நெரிசலை ஒரு மெஷினால் தாங்க முடியவில்லை, அல்லது மெஷின் ஒன்று விழுந்தாலும் சேவை நிற்கக் கூடாது என்ற நிலை வந்தால் மட்டும் மேலே படியுங்கள். இன்டர்வியூவுக்காகப் படிப்பவர்களும் படிக்கலாம், தப்பில்லை.

எந்த டேட்டாபேஸ்?

டேட்டாவை டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் மாடலை எட்கர் காட் 1970இல் எழுதினார். பல மெஷினில் பரவி ஓடும் ஸ்டோர்களைப் பற்றி 2006இல் கூகுளின் பிக்டேபிள் கட்டுரையும் 2007இல் அமேசானின் டைனமோ கட்டுரையும் வந்த பிறகு, பல மெஷினில் பரவ வேண்டுமென்றால் ஜாயினை மறந்துவிட வேண்டியதுதான் என்று பலரும் நம்பினார்கள். 2012இல் கூகுளே ஸ்பேனர் கட்டுரையை வெளியிட்டது. பரவலும் வேண்டும், ட்ரான்சாக்‌ஷனும் வேண்டும் என்ற போக்கு அதிலிருந்துதான் வலுத்தது. (பல மாற்றங்கள் ஒன்றாகவே நடக்கும், இல்லாவிட்டால் எதுவுமே நடக்காது என்ற உறுதிதான் ட்ரான்சாக்‌ஷன்.)

இன்று கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பார்க்கலாம். டைடிபி, காக்ரோச்டிபி போன்றவற்றில் அடியில் இருப்பது கீ-வேல்யூ ஸ்டோர், மேலே எஸ்க்யூஎல். ஒவ்வொரு வரியும் டேபிள் எண், ப்ரைமரி கீ இரண்டையும் கோத்த ஒரு நீண்ட கீயாக மாறி அடியில் உட்காரும். நீங்கள் பேசுவது எஸ்க்யூஎல்லில்தான். அடியில் இருப்பதை நேரடியாகத் தொடக் கூடாது. டைடிபியின் அடியில் இருக்கும் டைகேவியைத் தனியாகவும் பயன்படுத்தலாம் என்பது உண்மை. அதற்காக டைடிபி எழுதி வைத்த கீயில் போய்க் கை வைக்காதீர்கள். இரண்டாவது வகை ஃபவுண்டேஷன்டிபி. ஆப்பிள் 2018இல் ஓப்பன் சோர்ஸ் ஆக்கியது. வரிசைப்படுத்திய கீ-வேல்யூவும் உறுதியான ட்ரான்சாக்‌ஷனும் மட்டும் தரும், மேலே வேண்டியதை நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு ட்ரான்சாக்‌ஷன் 5 வினாடிக்குள் முடிய வேண்டும் என்ற கட்டுப்பாடும் உண்டு. அருமையான சாமான், ஆனால் முதல் பாடத்துக்கு வேண்டாம்.

மூன்றாவது வகை, ஒரே டேட்டாவை இரண்டு விதமாகவும் தொட அதிகாரபூர்வமாக அனுமதிப்பவை. எரிக்சனில் பிறந்து பின்னர் மைஎஸ்க்யூஎல் கிளஸ்டர் ஆன என்டிபி அப்படி ஒன்று. அப்பாச்சி இக்னைட் இன்னொன்று. கற்றுக்கொள்ள இக்னைட் வசதி, லேப்டாப்பிலேயே மூன்று நோட் (தனித்தனி மெஷின் போல ஓடும் ப்ராசஸ்) ஓட்டிப் பார்க்கலாம். அதையே எடுத்துக்கொள்கிறேன். இரண்டாம் பதிப்பு இன்னும் பல இடங்களில் ஓடுகிறது. மூன்றாம் பதிப்பு உள்ளுக்குள் நிறையவே வேறு. வித்தியாசம் வரும் இடத்தில் சொல்கிறேன்.

படி 1: கேள்விகளைத் தாளில் எழுதுங்கள்

டேபிள் வரைய அவசரப்படாதீர்கள். ஆப் கேட்கப்போகும் கேள்விகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு குறிப்பு: கேட்கும்போது கையில் என்ன எண் இருக்கும், எவ்வளவு அடிக்கடி கேட்பார்கள்.

நம் ஆப்புக்கு இப்படி வரும்:

இந்த புக்கிங்கின் நிலை என்ன? கையில் புக்கிங் எண். ஓயாமல் கேட்பார்கள்.
இந்த லாரி இப்போது எங்கே? கையில் லாரி எண். ஓயாமல் கேட்பார்கள், சில வினாடிக்கு ஒரு முறை எழுதவும் செய்வார்கள்.
இந்தக் குடியிருப்பின் கடந்த மாத புக்கிங்குகள்? கையில் வாடிக்கையாளர் எண். அவ்வப்போது.
ஒரு பகுதியில் நிலுவை எத்தனை? கையில் எண் இல்லை. மேற்பார்வையாளர் மட்டும், காலையில் சில முறை.
எந்த லாரி இந்த வாரம் எத்தனை நடை? கையில் எண் இல்லை. வாரம் ஒரு முறை, கணக்கு முடிக்கும்போது.

முதல் இரண்டும் கீ-வேல்யூவுக்கு. கடைசி இரண்டும் எஸ்க்யூஎல்லுக்கு. நடுவில் இருக்கும் மூன்றாவதுதான் வடிவமைப்பைத் தீர்மானிக்கப்போகிறது.

படி 2: கீயை முடிவு செய்யுங்கள்

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் மாற்றுவது பெரும் வேலை.

இக்னைட் இரண்டாம் பதிப்பில் ஒரு டேபிளின் டேட்டா, வேறு ஏதும் சொல்லாவிட்டால், 1024 பார்ட்டிஷன்களாக, அதாவது துண்டுகளாகப் பிரியும். கீயிலிருந்து கணக்கிடும் ஹேஷ் என்ற எண், எந்தப் பார்ட்டிஷன் என்று சொல்லும். எந்தப் பார்ட்டிஷன் எந்த மெஷினில் என்பதை ரெண்டேவூ ஹேஷிங் என்ற கணக்கு சொல்லும். ஆகவே கீ தெரிந்தால் க்ளையன்ட் யாரிடமும் விசாரிக்காமல் சரியான மெஷினுக்கே போய்விடும். கீ-வேல்யூவின் வேகம் இதிலிருந்து வருகிறது.

புக்கிங் எண்ணை மட்டும் கீயாக வைத்தால் ஒரே குடியிருப்பின் பத்து புக்கிங் மூன்று மெஷினிலும் சிதறும். நிலையைக் கேட்பது வேகமாக நடக்கும். கடந்த மாதக் கணக்கைக் கேட்டால் மூன்று மெஷினையும் தட்ட வேண்டும். வாடிக்கையாளர் எண், அந்த வாடிக்கையாளருக்கான வரிசை எண் இரண்டையும் சேர்த்து கீயாக்கி, "எந்த மெஷின் என்று முடிவு செய்ய முதல் பாதியை மட்டும் பார்" என்று சொன்னால் ஒரு குடியிருப்பின் எல்லா புக்கிங்கும் ஒரே இடத்தில் சேரும். இந்த முதல் பாதிக்கு இக்னைட்டில் அஃபினிட்டி கீ என்று பெயர். அது ப்ரைமரி கீயின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும் என்பது விதி. மூன்றாம் பதிப்பில் டேபிள் உருவாக்கும்போது "கோலொகேட் பை" என்று எழுதுவதும் இதையேதான்.

உடனே ஒரு சந்தேகம் வரும். லாரி டிரைவரிடம் இருப்பது புக்கிங் எண் மட்டும்தானே, வாடிக்கையாளர் எண்ணுக்கு அவர் எங்கே போவார்? எண்ணின் வடிவத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. வாடிக்கையாளருக்குப் போகும் எஸ்எம்எஸ்ஸில் "புக்கிங் எண் 48213-0007" என்று அச்சிடுங்கள். கோட்டுக்கு முன்னால் இருப்பது வாடிக்கையாளர் எண், பின்னால் இருப்பது அவருடைய ஏழாவது புக்கிங். டிரைவர் அதை அப்படியே தட்டினால் ஆப் இரண்டாகப் பிரித்து கீயை உருவாக்கிக்கொள்ளும். கூடுதல் இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் பட்டியல்) தேவையில்லை, எல்லா மெஷினையும் தேடவும் வேண்டாம்.

பகுதியை அஃபினிட்டி கீயாக வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். பெரும்பாக்கம் எல்லாம் ஒரு மெஷினில், வேளச்சேரி எல்லாம் இன்னொன்றில் இருந்தால் மேற்பார்வையாளரின் கேள்விக்கு எவ்வளவு சுலபம்! செய்யாதீர்கள். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தபோது நகரமே லாரிக்கு நின்றது, ஆனால் எல்லாப் பகுதியிலும் ஒரே அளவு நெருக்கடி இல்லை. குழாய் இணைப்பு சரியாக இல்லாத, அடுக்குமாடிகள் நெருக்கமாக எழுந்த தெற்குப் புறநகர்ப் பகுதிகள் லாரியை நம்பியே இருந்தன. அப்படி ஒரு கோடையில் இரண்டு மூன்று பகுதிகளின் சுமை முழுவதும் ஒன்றிரண்டு பார்ட்டிஷனில் போய் விழும். மற்ற மெஷின்கள் சும்மா இருக்கும். நூறு பகுதிகூட இல்லாத இடத்தில் 1024 பார்ட்டிஷனில் பெரும்பாலானவை காலியாகத்தான் இருக்கும் என்பது வேறு. அஃபினிட்டி கீக்கு ஆயிரக்கணக்கில் வெவ்வேறு மதிப்புகள் வேண்டும், அவற்றில் எதுவும் மற்றவற்றைவிடப் பூதாகரமாக இருக்கக் கூடாது. வாடிக்கையாளர் எண் இரண்டுக்கும் பொருந்துகிறது.

டைடிபி போன்றவற்றுக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே கீகள் ஹேஷ் செய்யப்படாமல் வரிசைப்படி அடுக்கப்படும். ஒன்று ஒன்றாக ஏறும் எண்ணை ப்ரைமரி கீயாக வைத்தால் புதிதாக எழுதுவதெல்லாம் கடைசித் துண்டிலேயே போய்க் குவியும். அதைச் சிதறடிக்க டைடிபியில் ஆட்டோ-ரேண்டம் வசதி இருக்கிறது.

படி 3: டேபிள்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

நமக்கு வேண்டியது இவ்வளவுதான்:

வாடிக்கையாளர்: ப்ரைமரி கீ வாடிக்கையாளர் எண். பெயர், முகவரி, பகுதி.
புக்கிங்: ப்ரைமரி கீ வாடிக்கையாளர் எண் + வரிசை எண். அஃபினிட்டி கீ வாடிக்கையாளர் எண். லாரி எண், லிட்டர், நிலை, நேரம்.
பணம்: ப்ரைமரி கீ வாடிக்கையாளர் எண் + ரசீது எண். அஃபினிட்டி கீ வாடிக்கையாளர் எண். எந்த புக்கிங்குக்கு, எவ்வளவு.
லாரி: ப்ரைமரி கீ லாரி எண். கொள்ளளவு (6,000, 9,000, 12,000 லிட்டர்), உரிமையாளர்.
லாரி இருப்பிடம்: ப்ரைமரி கீ லாரி எண். அட்சம், தீர்க்கம், கடைசியாகத் தெரிந்த நேரம்.

முதல் மூன்றும் பார்ட்டிஷன் செய்தவை. மூன்றிலும் வாடிக்கையாளர் எண் ஒரே டைப்பில் இருக்க வேண்டும். ஒன்றில் எண், ஒன்றில் எழுத்து என்று வைத்தால் ஹேஷ் மாறி வேறு வேறு மெஷினுக்குப் போய்விடும்.

லாரி டேபிள் சின்னது, எப்போதாவதுதான் மாறும். அதை "ரெப்ளிகேட்டட்" என்று அறிவித்து எல்லா மெஷினிலும் முழுப் பிரதி வைத்துவிடுங்கள், எந்த மெஷினிலிருந்தும் ஜாயின் செய்யலாம். லாரி இருப்பிடத்தை ஏன் தனியாகப் பிரித்தோம் என்றால், அது ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். ரெப்ளிகேட்டட் டேபிளில் அதையும் வைத்தால் ஒவ்வொரு அசைவும் எல்லா மெஷினுக்கும் எழுதப்பட வேண்டும். அது பார்ட்டிஷன் செய்ததாக, இண்டெக்ஸ் எதுவும் இல்லாமல், வெறும் கீ-வேல்யூவாக இருக்கட்டும்.

படி 4: மூன்று நோட் ஓட்டுங்கள்

கிளஸ்டரை (ஒன்றாக இயங்கும் நோட்களின் கூட்டம்) லேப்டாப்பிலேயே எழுப்புங்கள், ஆனால் கட்டாயம் மூன்று நோட். ஏன் மூன்று என்பது படி 6இல் தெரியும். எஸ்க்யூஎல் க்ளையன்ட்டும் கீ-வேல்யூ தின் க்ளையன்ட்டும் வழக்கமாக 10800 என்ற போர்ட்டில்தான் இணைகின்றன. ஒரே லேப்டாப்பில் பல நோட் ஓடும்போது அடுத்தடுத்த எண்ணை எடுத்துக்கொள்ளும்.

இரண்டாம் பதிப்பில் சும்மா விட்டால் ஆபத்தான அமைப்புகள் இரண்டு உண்டு. பேக்கப் எண்ணிக்கை 0 என்று இருக்கும், அதாவது ஒரு மெஷின் விழுந்தால் அதிலிருந்த டேட்டா போச்சு. அதை 1 ஆக்குங்கள். அடுத்து, டேட்டா மெமரியில் மட்டும் இருக்கும், டிஸ்க்கில் எழுத பெர்சிஸ்டன்ஸை நீங்கள்தான் ஆன் செய்ய வேண்டும். ஆன் செய்தால் முதல் முறை கிளஸ்டரை ஆக்டிவேட் செய்தால்தான் வேலை செய்யத் தொடங்கும். "எல்லாம் ஓடுது, ஆனா டேபிள் உருவாக மாட்டேங்குது" என்று புதியவர்கள் தவிப்பதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

படி 5: எஸ்க்யூஎல்லில் எழுதி, கீயில் படியுங்கள்

எஸ்க்யூஎல் மூலம் 48213 என்ற வாடிக்கையாளரைச் செருகுங்கள். அப்புறம் கீ-வேல்யூ க்ளையன்ட்டில் 48213 என்ற கீயைக் கேளுங்கள். வந்தால் சந்தோஷம். "நல்" (null, அதாவது ஒன்றும் இல்லை) என்று வந்தால் பதறாதீர்கள், டேட்டா எங்கேயும் போகவில்லை. பெரும்பாலும் டைப் பொருந்தவில்லை. டேபிளில் பிக்இண்ட் என்று அறிவித்திருந்தால் ஜாவாவில் லாங் ஆகக் கேட்க வேண்டும். இன்டீஜராகக் கேட்டால் அது வேறு கீ, அவ்வளவுதான். மனிதக் கண்ணுக்கு இரண்டும் 48213 தான், ஸ்டோருக்கு இரண்டும் வேறு பைட்டுகள்.

இரண்டு பகுதி கொண்ட கீயில் இன்னும் கவனம் தேவை. டேபிள் உருவாக்கும்போது கீயின் டைப் பெயரை நீங்களே கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சிஸ்டம் வாயில் நுழையாத ஒரு பெயரைத் தானே வைத்துக்கொள்ளும். இன்னொன்று, மேற்கோள் குறி போடாமல் எழுதிய நெடுவரிசைப் பெயர்களை எஸ்க்யூஎல் பெரிய எழுத்தாக மாற்றிவிடும். உங்கள் க்ளாஸில் அதே பெயர் சிறிய எழுத்தில் இருந்தால் பொருந்தாது. மூன்றாம் பதிப்பில் ஒரே டேபிளை கீ-வேல்யூ பார்வையாகவும் ரெக்கார்ட் பார்வையாகவும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது.

எதிர்த் திசையிலும் செய்து பாருங்கள்: கீ-வேல்யூவில் போட்டு எஸ்க்யூஎல்லில் படிப்பது. இரண்டாம் பதிப்பில் எந்தெந்த ஃபீல்டு எஸ்க்யூஎல்லுக்குத் தெரிய வேண்டும் என்று முன்கூட்டியே அறிவிக்காத கேஷில் (கீ-வேல்யூ டேட்டா இருக்கும் இடத்துக்கு அந்தப் பதிப்பில் இதுதான் பெயர்) எவ்வளவு போட்டாலும் எஸ்க்யூஎல்லின் செலக்ட்டுக்குத் தெரியாது.

படி 6: ஜாயினைச் சோதியுங்கள்

மேற்பார்வையாளரின் கேள்விக்கு வருவோம். பெரும்பாக்கம் வாடிக்கையாளர்களின் நிலுவை புக்கிங் எத்தனை? வாடிக்கையாளர், புக்கிங் இரண்டையும் வாடிக்கையாளர் எண்ணில் ஜாயின் செய்து, பகுதியையும் நிலையையும் வடிகட்டி எண்ணுகிறோம்.

உள்ளே நடப்பது இது. க்வெரி மூன்று நோடுக்கும் போகும். ஒவ்வொன்றும் தன்னிடம் இருக்கும் பெரும்பாக்கம் வாடிக்கையாளர்களை எடுத்து, தன்னிடம் இருக்கும் புக்கிங்குகளோடு சேர்த்து, ஓர் எண்ணைத் திருப்பித் தரும். முதல் நோட் 14, இரண்டாவது 9, மூன்றாவது 11 என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டவரிடம் 34 என்று போய்ச் சேரும். நெட்வொர்க்கில் பயணித்தது மூன்று எண்கள் மட்டும். ஒரே வாடிக்கையாளரின் புக்கிங் எல்லாம் அவர் இருக்கும் நோடிலேயே இருப்பதால்தான் இது சாத்தியமாகிறது.

இப்போது அஃபினிட்டி கீயைச் சொல்ல மறந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புக்கிங்குகள் தாறுமாறாகச் சிதறியிருக்கின்றன. இரண்டாம் பதிப்பில் வழக்கமான அமைப்பில் அதே க்வெரியை ஓட்டினால், ஒவ்வொரு நோடும் தன்னிடம் இருப்பதை மட்டும் ஜாயின் செய்யும். முதல் நோடில் இருக்கும் வாடிக்கையாளரின் புக்கிங் மூன்றாவது நோடில் இருந்தால், அது கணக்கிலேயே வராது. மூன்று நோடில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பொருந்தும். 34 வர வேண்டிய இடத்தில் 11, 12 என்று வரும். பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. மேற்பார்வையாளர் "இன்னிக்குக் கூட்டம் கம்மி" என்று நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

இதில் கொடுமை என்னவென்றால் லேப்டாப்பில் ஒரே நோடில் சோதித்தால் இது தெரியவே தெரியாது. டேட்டா எல்லாம் ஒரே இடத்தில்தானே இருக்கிறது, பதில் சரியாகவே வரும். ப்ரொடக்‌ஷனில் மூன்று மெஷினில் ஏறிய பிறகுதான் எண்ணிக்கை குறையும். அதனால்தான் முன்னால் மூன்று நோடைக் கட்டாயம் என்று சொன்னேன்.

சோதிக்கும் முறை எளிது. ஒரு சின்னப் பகுதிக்கு ஜாயின் தரும் எண்ணிக்கையை எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் அதே பகுதியின் வாடிக்கையாளர் எண்களை மட்டும் ஒரு க்வெரியில் எடுத்து, ஒவ்வொருவருக்கும் புக்கிங் டேபிளில் தனியாக எண்ணிக் கூட்டுங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அஃபினிட்டி கீயைச் சரிசெய்யுங்கள்.

"டிஸ்ட்ரிபியூட்டட் ஜாயின்ஸ்" என்ற ஃப்ளாகை ஆன் செய்தால் சிதறிய டேட்டாவிலும் சரியான பதில் வரும் என்று யாராவது சொல்வார்கள். வரும், ஆனால் ஒவ்வொரு நோடும் மற்ற நோடுகளிடம் கேட்டுக் கேட்டுத்தான் ஜாயின் செய்யும். மாதம் ஒரு முறை ஓடும் அறிக்கைக்குப் பரவாயில்லை. மூன்றாம் பதிப்பின் எஸ்க்யூஎல் எஞ்சின், க்வெரிகளைத் திட்டமிடும் ஓப்பன் சோர்ஸ் கருவியான கால்சைட் மேல் கட்டப்பட்டது. அங்கே இடம் மாறி இருக்கும் டேட்டாவுக்கும் சரியான பதிலே வரும், வேகம்தான் குறையும்.

பணம் டேபிளை ஜாயின் செய்யும்போது புக்கிங் வரிசை எண்ணோடு வாடிக்கையாளர் எண்ணையும் நிபந்தனையில் எழுத மறக்காதீர்கள். வரிசை எண் 7 எல்லா வாடிக்கையாளருக்கும் இருக்கும்.

படி 7: எழுதும்போது எந்த வழி?

படிப்பதில் குழப்பம் குறைவு. எழுதுவதில்தான் இரண்டு வழிகளும் ஒன்றை ஒன்று மிதிக்கும்.

ஓர் உதாரணம். அலுவலகத்தில் ரத்துக் காரணம் வேண்டும் என்கிறார்கள். ஆல்டர் டேபிள் போட்டு ஒரு நெடுவரிசை சேர்க்கிறீர்கள். அலுவலக மென்பொருள் அதை எஸ்க்யூஎல் அப்டேட் மூலம் நிரப்புகிறது. டிரைவர் ஆப்பின் சர்வர் மட்டும் பழைய க்ளாஸோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அது புக்கிங்கைப் படித்து, நிலையை மாற்றி, முழுப் பொருளையும் "புட்" செய்கிறது. பழைய க்ளாஸுக்கு ரத்துக் காரணம் என்றால் என்னவென்றே தெரியாது. எனவே அந்த நெடுவரிசை காலியாகிவிடும். புட் என்பது முழு மதிப்பையும் மாற்றி வைப்பது, எஸ்க்யூஎல் அப்டேட் சொன்ன நெடுவரிசையை மட்டும் தொடுவது. பல குழுக்கள் ஒரே டேபிளைத் தொடுகிறார்கள் என்றால் ஒரு நெடுவரிசையை மாற்ற அப்டேட் போதும். கீ-வேல்யூவில்தான் செய்ய வேண்டுமென்றால் பைனரி பொருளாக எடுத்து, அதன் பில்டர் மூலம் ஒரு ஃபீல்டை மட்டும் மாற்றுங்கள், மற்றவை அப்படியே இருக்கும்.

அதே போல, எஸ்க்யூஎல் இன்சர்ட் ஏற்கெனவே இருக்கும் கீயைக் கண்டால் பிழை தரும். புட் சத்தமில்லாமல் மேலெழுதிவிடும். புட்டுக்கு இணையான எஸ்க்யூஎல் மெர்ஜ்தான். புதிய புக்கிங்கை "இல்லாவிட்டால் மட்டும் போடு" என்ற புட்-இஃப்-ஆப்சென்ட் மூலம் போடுங்கள்.

ஒரே லாரியை இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒதுக்கும் பிரச்சினைக்கு கீ-வேல்யூவே நல்லது. லாரியின் நிலையை ஒரு கீயில் வையுங்கள். "இப்போது காலி என்று இருந்தால் மட்டும் ஒதுக்கப்பட்டது என்று மாற்று" என்று ரீப்ளேஸ் அழைப்பு கொடுங்கள். ஒருவருக்கு "ஆம்" வரும், மற்றவருக்கு "இல்லை" வரும். இல்லை வந்தவர் வேறு லாரி தேடுவார். லாரி நிலையும் புக்கிங்கும் சேர்ந்தே மாற வேண்டுமென்றால் ட்ரான்சாக்‌ஷன் தேவை. இரண்டாம் பதிப்பில் கேஷ்கள் வழக்கமாக "அட்டாமிக்" முறையில் இருக்கும், ட்ரான்சாக்‌ஷன் வேண்டுமென்றால் "ட்ரான்சாக்‌ஷனல்" என்று அறிவிக்க வேண்டும். அப்போதும் எஸ்க்யூஎல் வழக்கமாக அந்த ட்ரான்சாக்‌ஷனுக்குள் சேராது, இன்னும் முடியாத மாற்றத்தை உங்கள் செலக்ட் பார்க்காது. எனவே ஒரு ட்ரான்சாக்‌ஷனுக்குள் கீ-வேல்யூ மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பதிப்பில் ஒரே ட்ரான்சாக்‌ஷனை இரண்டு வழிக்கும் கொடுக்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்தப் பதிப்பை எடுக்க இது ஒன்றே போதுமான காரணம் என்பேன்.

படி 8: இண்டெக்ஸ், பெரிய அறிக்கை

புக்கிங் நிலைக்கு ஓர் இண்டெக்ஸ், வாடிக்கையாளர் பகுதிக்கு ஓர் இண்டெக்ஸ். தொடக்கத்துக்கு இது போதும். ஒவ்வொரு இண்டெக்ஸும் ஒவ்வொரு முறை எழுதும்போதும் கூடவே மாற வேண்டும். கீ-வேல்யூவில் போடும் புட்டும் இதற்கு விலக்கல்ல.

க்வெரி எந்த வழியில் போகிறது என்று எக்ஸ்ப்ளெயின் போட்டுப் பாருங்கள். டைடிபியில் ப்ரைமரி கீ முழுவதும் கொடுத்தால் எக்ஸ்ப்ளெயினில் "பாயிண்ட் கெட்" என்று வரும்; அதாவது எஸ்க்யூஎல்லாகவே எழுதினாலும் அடியில் ஒரு கீயை எடுக்கும் வேலைதான் நடக்கிறது. அப்படி வந்தால் கீ-வேல்யூ வழி தனியாக வேண்டும் என்று ஏங்கத் தேவையில்லை. இக்னைட்டிலும் அஃபினிட்டி கீயை நிபந்தனையில் கொடுத்தால் க்வெரியைத் தேவையான பார்ட்டிஷனுக்கு மட்டும் அனுப்ப முடியும்.

வாராந்திர லாரி நடைக் கணக்கு போன்ற பெரிய க்வெரிகளில் இரண்டாம் பதிப்பு முழு முடிவையும் மெமரியில் ஏற்றப் பார்க்கும். "லேஸி" அமைப்பை ஆன் செய்தால் துண்டு துண்டாகத் தரும். காலையில் எல்லாரும் தொட்டியைத் திறந்து பார்த்துவிட்டு புக்கிங்குக்கு ஓடி வரும் நேரத்தில் அந்தக் கணக்கை ஓட்ட வேண்டாம். மதியம் 2 மணிக்கு வையுங்கள்.

படி 9: ஒரு நோடைக் கொல்லுங்கள்

பேக்கப் 1 என்று வைத்தது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆயிரம் புக்கிங்கை ஏற்றுங்கள். ஒரு கீ-வேல்யூ ஸ்கிரிப்ட் நிலையைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கட்டும். இன்னொரு பக்கம் நிலுவை எண்ணிக்கை க்வெரி. நடுவில் ஒரு நோடின் ப்ராசஸைக் கொல்லுங்கள். சிறிது தடுமாற்றம் இருக்கும், பின்னர் இரண்டு பக்கமும் அதே பதில் தொடர வேண்டும்.

அடுத்து பேக்கப்பை 0 ஆக்கி, மெமரி மட்டும் உள்ள கிளஸ்டரில் அதையே செய்து பாருங்கள். வழக்கமான அமைப்பில், போன பார்ட்டிஷன்கள் காலியானவை போலக் காட்சி தரும். கீ-வேல்யூவில் "அப்படி ஒரு புக்கிங் இல்லை" என்றும், எஸ்க்யூஎல்லில் குறைந்த எண்ணிக்கையும் வரும், இரண்டும் பிழையின்றி. பார்ட்டிஷன் லாஸ் பாலிசி என்ற அமைப்பை மாற்றினால், இழந்த பார்ட்டிஷனைத் தொடும்போது பிழை எறியும். பணம் சம்பந்தப்பட்ட டேபிள்களுக்கு அதைக் கட்டாயம் மாற்றுங்கள்.

ஏற்கெனவே ஓடும் ஆப்பை மாற்றுகிறவர்கள் லாரி இருப்பிடத்திலிருந்து தொடங்குவது நல்லது. ஜாயின் இல்லை, இழந்தாலும் சில வினாடியில் டிரைவரின் போனே மறுபடி அனுப்பிவிடும். அது நிலைத்த பிறகு புக்கிங்கையும் வாடிக்கையாளரையும் சேர்த்தே நகர்த்துங்கள், ஒன்றை மட்டும் நகர்த்தினால் ஜாயின் இரண்டு டேட்டாபேஸுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். பணம் டேபிள் கடைசியில், பழைய டேட்டாபேஸில் ஒரு பிரதி ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு இரவும் இரண்டு பக்கத்துக் கூட்டுத்தொகையையும் ஒப்பிட்டபடி.